‘சத்தம் பத்தலையே!’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் அலுவலக ஆண்டு விழாவை இரண்டு வருடமாக நான்தான் தொகுத்து வழங்குகிறேன். ஆபீஸில் கலகலப்பாகப் பேசுவேன் என்று பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். போன வருடம் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் நானூறு பேர் வந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். முன்வரிசையில் மேலதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பின்வரிசையில் எல்லாரும் செல்போன். ‘சத்தம் பத்தலையே, இன்னொரு தடவை!’ என்று நாலைந்து முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் சத்தம் குறைந்ததுதான் மிச்சம். இந்த வருடம் புகை மெஷின், லேசர், பெரிய எல்இடி திரை எல்லாம் எடுக்கலாம் என்கிறார்கள். அது போதுமா? மேடையில் நான் என்ன செய்ய வேண்டும்? இல்லை, என் சுபாவமே இதற்கு ஒத்துவராதா?

பதில்: தம்பி (உங்கள் கடிதத்தைப் பார்த்தால் என்னைவிட இருபது வயதாவது சின்னவராகத் தெரிகிறது, அதனால் அப்படியே கூப்பிடுகிறேன்), கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் சுபாவத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆயிரம் நாற்காலியில் நானூறு பேரைத் தெளித்து வைத்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் அங்கே தோற்றுத்தான் போவான். நான் தோற்றிருக்கிறேன்.

உற்சாகம் என்பதை ஏதோ குடத்துத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மேடையில் நிற்பவர் ஊற்ற வேண்டும், கூட்டம் நனைய வேண்டும். இத்தனை வருடம் மைக் பிடித்ததில் எனக்குத் தெரிந்தது, அது பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் குலுங்கிச் சிரித்தால் சுமாரான ஜோக்குக்கும் நமக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் யாரும் இல்லை என்றால் நல்ல ஜோக்குக்கும் ஒரு புன்னகையோடு சரி.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சின்னக் கூட்டங்களுக்கு முன்னால் நடந்த உரைகளைப் படம் பிடித்து, யார் எப்போது கைதட்டத் தொடங்குகிறார், எப்போது நிறுத்துகிறார் என்று ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தார்கள். ஒருவர் தட்டத் தொடங்குவதைத் தீர்மானித்தது, அறையில் ஏற்கெனவே எத்தனை பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். ஒரே தரமான பேச்சுக்குக்கூடக் கைதட்டல் ஒரு நாள் நீளும், ஒரு நாள் சட்டென்று முடியும். விளையாட்டு அரங்குகளில் ஆட்கள் வரிசையாக எழுந்து உட்காரும் அலையைப் பற்றி 2002-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கிலும் அந்த அலையைக் கிளப்பச் சில டஜன் ஆட்கள் போதும். கிளம்பிவிட்டால் நொடிக்கு ஏறத்தாழ இருபது இருக்கை வேகத்தில் அதுவே ஓடும். ஆனால் அந்தச் சில டஜன் பேரும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில் எழ வேண்டும். விறகை ஒன்றோடொன்று சாய்த்து அடுக்கினால்தான் தீப் பிடிக்கும். முற்றத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டுவிட்டு எவ்வளவு ஊதினாலும் ஊதுகிறவனுக்குத்தான் மயக்கம் வரும். போன வருடம் நீங்கள் ஊதினீர்கள்.

அதனால் உங்கள் முதல் வேலை மேடையில் இல்லை. நாற்காலியில் இருக்கிறது. நானூறு பேர் வருவார்கள் என்றால் நானூற்று இருபது இருக்கையை மட்டும் திறந்து வையுங்கள். பால்கனி இருந்தால் பூட்டச் சொல்லுங்கள். பின்வரிசைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டுங்கள் (வெளியேறும் வழிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்கக் கூடாது). வாசலில் நாலு பேரை நிறுத்தி முன்னாலிருந்து நிரப்பிக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒரு பகுதி நிரம்பிய பிறகு அடுத்த கயிற்றை அவிழ்த்தால் போதும். ‘பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள்’ என்று மைக்கில் கெஞ்சி ஒரு ஆளாவது எழுந்து வந்ததை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நாற்காலிகளை நகர்த்த முடிகிற அரங்கு என்றால், நட்ட நடுவில் அகலமான நடைபாதை விடாதீர்கள். அரங்கிலேயே நல்ல இடம் அது, அதில் யாரும் இல்லாமல் போய்விடும். மேடையில் நின்று நேரே பார்த்தால் தரைவிரிப்புதான் தெரியும். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே மூன்று நாலு மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் பாதிச் சூடு அந்த இடைவெளியிலேயே ஆறிவிடும்.

அப்புறம் அந்த முன்வரிசை. எல்லா ஊழியர்களுக்கும் கண்ணெதிரே மேலதிகாரிகளின் முதுகும் பின்தலையும். சிரிக்கலாமா வேண்டாமா என்று அந்த முதுகுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். முடிந்தால் மேலதிகாரிகளை மூன்றாவது, நாலாவது வரிசைகளில் மற்றவர்களோடு கலந்து உட்கார வையுங்கள். மரியாதைப் பிரச்சினை வரும் என்றால், அவர்களில் கொஞ்சம் கலகலப்பானவர் ஒருவரிடம் முந்தின நாளே போய்ப் பேசுங்கள். ‘சார், முதல் கைதட்டல் உங்களோடதா இருந்தா மத்தவங்க தைரியமா தட்டுவாங்க’ என்றால் போதும். நான் கேட்டவரையில் யாரும் மறுத்ததில்லை. பலருக்கு இப்படி ஒருவர் வந்து கேட்டதே சந்தோஷம்.

என் ஆரம்ப காலத்துக் கூத்து ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் பெரிய விழா. வாசலிலேயே ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பை, ஒரு ஃபைல், ஒரு பேனா, ஆட்டுவதற்கு ஒரு குட்டிக் கொடி கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். நாற்காலிகள் நெருக்கமாகத்தான் இருந்தன, ஆளும் நிறைய. நான் ஏறிக் குதிக்கிறேன், ஆடுகிறேன், ‘கையைத் தட்டுங்க’ என்கிறேன். ஏதோ ஈரத் துணியைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம் வருகிறது. இடைவேளையில் சவுண்ட்காரரிடம் புலம்பினேன். அவர் கன்சோலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “கையில கடையையே வச்சுக்கிட்டு எப்படிண்ணே தட்டுவாங்க?” இரண்டாம் பாதி தொடங்கியதும் முதல் காரியமாக, எல்லாவற்றையும் நாற்காலிக்கு அடியில் வைக்கச் சொன்னேன். வைக்கும் சத்தம் அடங்கியதும் ‘இப்போ ரெண்டு கையும் ஃப்ரீயா?’ என்று கேட்டேன். அன்றைக்குக் கிடைத்த முதல் உண்மையான சிரிப்பு அதுதான். அன்றிலிருந்து ஒரு விழாவுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது ஜனங்களின் கைகளை.

சரி, லைட்டுக்கு வருவோம். சினிமாத் தியேட்டர் மாதிரி அரங்கை இருட்டாக்கிவிடுகிறார்கள். இருட்டில் உட்கார்ந்தவர் தனியாள். பக்கத்தில் யார் சிரிக்கிறார், யார் எழுகிறார் என்பது தெரியாது, செல்போனை எடுப்பதும் சுலபம். நடனம், பாட்டு, வீடியோ நடக்கும்போது இருட்டு இருக்கட்டும். நீங்கள் பேசும்போதும் கூட்டத்தை ஏதாவது செய்யச் சொல்லும்போதும் அரங்க விளக்கில் பாதியாவது எரிய வேண்டும். இதை லைட் போடுபவரிடம் நிகழ்ச்சி நிரலில் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ கச்சேரியை இன்றைக்கும் எங்கள் தொழிலில் பேசுவார்கள். குவீன் என்ற ராக் இசைக்குழு மேடை ஏறியபோது மாலை ஆறே முக்கால்கூட ஆகவில்லை. அங்கே அது கோடைகாலம், நல்ல பகல் வெளிச்சம். லேசரும் வண்ண விளக்கும் காட்டி மயக்க வழியே இல்லை. கிடைத்தது சுமார் இருபது நிமிடம். எதிரே எழுபதாயிரத்துக்கும் மேல் ஜனம். குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி ‘ஏ... ஓ’ என்று குட்டியாக ஒரு ராகம் விடுவார், கூட்டம் திருப்பிப் பாடும். அந்த வீடியோவை ஒரு தடவை சத்தத்துக்காக இல்லாமல் இடைவெளிக்காகப் பாருங்கள். யாரும் திருப்பிப் பாடக்கூடிய சுலபமான ஒன்றில் ஆரம்பிக்கிறார். பாடிவிட்டுக் காத்திருக்கிறார். வந்த பதிலின் மேலேறி அடுத்ததைக் கொஞ்சம் நீட்டுகிறார். அந்தக் காத்திருப்பு நம்மில் பலருக்கு வராது. கூட்டம் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் ‘வாவ், சூப்பர், அடுத்ததா...’ என்று நாமே நிரப்பிவிடுவோம்.

இதைத்தான் உங்கள் முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டும். ஏறியவுடன் ‘எல்லாரும் எழுந்து நின்னு கத்துங்க’ என்று கேட்பது, அறிமுகமே இல்லாதவரிடம் போய்க் கடன் கேட்பது மாதிரி. சின்னதிலிருந்து போங்கள். முதலில் கையைத் தூக்குவது மட்டும். ‘இந்த விழாவுக்கு முதல் தடவையா வந்தவங்க யாரு? கை தூக்குங்க.’ பாருங்கள். உண்மையிலேயே பாருங்கள், இடது மூலையில் யார், பின்னால் யார் என்று. ‘அதோ, கடைசி வரிசையில நாலு பேரு. வாங்க, வாங்க.’ அதற்கே அந்த வரிசை திரும்பிப் பார்க்கும். அடுத்து, அந்தப் புதியவர்களுக்காகப் பழையவர்கள் ஒரு கைதட்டு. இப்போது கைதட்டலுக்கு ஒரு காரணம் இருக்கிறது, தட்டுவது உங்களுக்காக இல்லை. அதற்கு அப்புறம் குரல். ஒரே வார்த்தையில் பதில் வருகிற கேள்வி கேளுங்கள். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே ஆபீஸில் ஏற்கெனவே ஒரு செல்லச் சண்டை இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு பேர், வலப்பக்கம் ஒரு பேர். எழுந்து நிற்கச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் ஒரே ஒரு தடவை.

‘சத்தம் பத்தலையே’ ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். கொடுத்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று கேட்கிறீர்கள். முதல் தடவை யாராவது பாவம் பார்த்துக் கூட்டிக் கொடுப்பார்கள். நாலாவது தடவை கேட்டால் பையை மூடிக்கொள்வார்கள். சத்தம் குறைவாக வந்தால் வந்ததை வாங்கிக்கொண்டு நகருங்கள். ‘நன்றி, இந்த வரிசைதான் இன்னிக்கு என் உயிரைக் காப்பாத்துது’ என்று நன்றாகத் தட்டிய வரிசையைக் காட்டுங்கள். பக்கத்து வரிசைக்கு ரோஷம் வந்துவிடும்.

சவுண்டைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பின்வரிசை செல்போனை எடுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் சொன்னது அங்கே புரியாததுதான். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். மூடிய அரங்கில் அவ்வளவு குறையாது, ஆனால் எதிரொலி சேர்ந்து வார்த்தை குழம்பிவிடும். மேடை ஓரத்து இரண்டு ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டே போனால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு இரைச்சல்தான் கூடும். நடு அரங்கில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்து, அதன் ஒலியைச் சற்றே தாமதப்படுத்தி விடச் சொல்லுங்கள். மேடையிலிருந்து கிளம்பும் ஒலி 34 மீட்டர் போகப் பத்தில் ஒரு நொடி ஆகும், அதற்கு ஈடு கட்டத்தான் அந்தத் தாமதம். சவுண்ட்காரருக்கு இது தெரிந்த விஷயம், நீங்கள் கேட்டால் போதும். காலி அரங்கில் சவுண்ட் செக் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆட்கள் நிரம்பியதும் அவர்கள் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். கூட்டம் உட்கார்ந்த பிறகு ஒரு நண்பரைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறதா என்று கட்டைவிரல் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. கூட்டத்துக்குத் தன் சத்தம் தனக்கே கேட்க வேண்டும். நீங்கள் ‘கைதட்டுங்க’ என்று சொன்ன அதே நொடியில் சவுண்ட்காரர் பாட்டை முழுசாக ஏற்றிவிடுவார். நானூறு பேர் தட்டினாலும் அது அமுங்கிப் போகும். தட்டுகிறவருக்குத் தான் மட்டும் தட்டுவது போலத் தோன்றும், கை நின்றுவிடும். முன்கூட்டியே பேசி வையுங்கள்: நீங்கள் கையை உயர்த்தினால் பாட்டு இறங்க வேண்டும். நீங்களும் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். மூன்று நொடி, நாலு நொடி. தன் சத்தத்தைத் தானே கேட்ட கூட்டம் அடுத்த தடவை தானாகவே ஏற்றும்.

தாளத்துக்குக் கைதட்ட வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்வரிசைக்குத் தாளம் தாமதமாகப் போகிறது, அவர்கள் தட்டுவது உங்களுக்கு இன்னும் தாமதமாகத் திரும்பி வருகிறது. 30 மீட்டர் தள்ளி இருப்பவர் சரியாகத் தட்டினாலும் உங்கள் காதுக்கு ஐந்தில் ஒரு நொடி அளவு பின்தங்கியே கேட்கும். அதைக் கேட்டு நீங்கள் மெதுவாக்கினால் அவர்கள் இன்னும் மெதுவாக்குவார்கள், பாட்டு கடைசியில் படுத்துவிடும். காதில் விழுவதை விட்டுவிட்டு டிரம்மர் கையைப் பார்த்துத் தட்டுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பெரிதாக, நிதானமாகத் தட்டுங்கள், கண்ணுக்குத் தாமதம் கிடையாது. 2000-இல் வந்த இன்னொரு ஆய்வு, அரங்கில் தானாக எழும் கைதட்டல் ஒரே தாளத்துக்கு வரும்போது ஜனங்கள் ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு இறங்கித்தான் சேர்ந்துகொள்கிறார்கள் என்று கண்டது. அதனால் வேகமான பாட்டு என்றால் ஒன்று விட்டு ஒரு அடிக்குத் தட்டவையுங்கள். மைக் பிடித்த கையோடு தட்டாதீர்கள், ஸ்பீக்கரில் ‘தொம் தொம்’ என்று சுவரை இடிப்பது போல விழும்.

ஆள் வைத்துத் தட்டவைக்கலாமா என்று கேட்பீர்கள். ரொம்பப் பழைய வழக்கம்தான். ரோமப் பேரரசன் நீரோ, தான் பாடும்போது தட்டுவதற்கென்றே ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பழக்கி வைத்திருந்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார், தட்டும் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கூட உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் அரங்குகளில் காசு வாங்கிக்கொண்டு சிரிப்பவர், அழுபவர், ‘இன்னொரு தடவை’ என்று கேட்பவர் எல்லாம் இருந்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆபீஸில் இயல்பாகவே வாய்விட்டுச் சிரிக்கிறவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் எப்போதும் ஒரே கூட்டமாகத்தான் உட்காருவார்கள். அவர்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, நடு வரிசைகளில் நாலைந்து இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். பொய்யாக எதுவும் செய்யச் சொல்லாதீர்கள். பொய்ச் சிரிப்பு உடனே தெரிந்துவிடும்.

புகையும் லேசரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு அவை அழகு சேர்க்கும், சிதறிக் கிடக்கிற கூட்டத்தை ஒன்றும் செய்யாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எல்இடி திரையை விட்டுவிட்டு நடு அரங்கு ஸ்பீக்கரை எடுங்கள். புகை மெஷின் வைத்தால் அரங்க நிர்வாகத்திடம் முன்பே சொல்லுங்கள், தீ எச்சரிக்கை மணி அடித்தால் அன்றைய உச்சக்கட்டம் அதுதான். படபடவென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு நொடிக்கு 3 முதல் 30 தடவை மின்னும்போது, ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. தவிர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அரங்குக்குள் வாணம் மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-இல் 100 பேர், பிரேசிலின் சாந்தா மரியாவில் 2013-இல் 242 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் இசைக்குழு மேடையில் கொளுத்திய வாணம், ஒலி தடுக்க ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியதுதான் ஆரம்பம்.

விருது வழங்கும் பகுதி எல்லா விழாவிலும் தொய்வுதான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, பின்வரிசையிலிருந்து நடந்து வரும் வரை அரங்கம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த மூன்று பேரை முன்கூட்டியே மேடைப் படிக்கட்டில் நிறுத்திவிடுங்கள். அறிவிப்புக்கும் ஆள் தெரிவதற்கும் நடுவே ஐந்து நொடிக்கு மேல் போகக் கூடாது. பெயரை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சாதனையைப் படிப்பார்கள், அதைத் திருப்பிப் போடுங்கள். சாதனையை முதலில் சொன்னால் ‘யாருப்பா அது?’ என்று தலைகள் திரும்பும், பெயர் வரும்போது கைதட்டலும் கூடவே வரும். உரைகளை ஒரே இடத்தில் அடுக்காதீர்கள், இரண்டு கலை நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.

நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்டத்தைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும். அவர்கள் தரையில் இருக்கும்போது நீங்கள் மொட்டைமாடியிலிருந்து கத்தினால் யாரும் ஏறி வர மாட்டார்கள். முதலில் அவர்கள் பேசுகிற அளவில் பேசுங்கள், அப்புறம் ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். எதற்கும் கை தட்டாமல், ஆனால் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவர்களைக் குறிவைத்துக் கிண்டல் செய்ய வேண்டாம். நன்றாக ரசித்துக்கொண்டிருப்பவர்கள் பல சமயம் அவர்கள்தான். மேடையேறும் முன் பத்து நிமிடம் அரங்குக்குள் நடந்து நாலைந்து பேரிடம் பேசிவிடுங்கள். ஏறியதும் தெரிந்த முகங்கள் சில இருக்கும், பேச்சு தானாக இயல்பாகிவிடும்.

நன்றியுரையைக் கடைசி நிகழ்ச்சிக்கு முன்னால் தள்ளிவிடுங்கள். இருப்பதிலேயே நல்ல நடனமோ பாட்டோ கடைசியாக வரட்டும், அது முடிந்ததும் ‘நன்றி, பத்திரமா போயிட்டு வாங்க’, அவ்வளவுதான். அதற்குமேல் மைக்கைப் பிடிக்க யார் கை நீட்டினாலும் கொடுக்காதீர்கள்.

விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே அரங்கத்தாருக்கு ஒரு போன் போட்டு, பால்கனியைப் பூட்ட முடியுமா, நாற்காலிகளை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் முடியாது என்றார்கள் என்றால், கயிறு எத்தனை மீட்டர் வேண்டும் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.